கைப்பிடி சுற்றும் ரேடியோ: புயல் காலத்துக்கு வாங்கலாமா?

கைப்பிடியைச் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் ரேடியோ ஒன்றை ஆன்லைனில் 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். இதே அச்சில் வார்த்த பெட்டி பல பெயர்களில் விற்கிறது, அதனால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். ரேடியோ, டார்ச், சோலார், போன் சார்ஜர், அபாயச் சங்கு என்று அட்டையில் ஐந்து வேலைகளைப் போட்டிருக்கிறார்கள். ரேடியோவுக்காகத் தாராளமாக வாங்குங்கள். டார்ச் பரவாயில்லை. மற்றவற்றை நம்பிக் காசைப் போட வேண்டாம்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன, உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டேங்கில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் தெருத் தெருவாக வந்தது, அதிலேயே காசு கொடுத்துப் போனுக்கும் சார்ஜ் போட்டுக்கொண்டோம். போட்டும் பிரயோஜனமில்லை, டவர் இல்லை. சோறு தண்ணீருக்கு அடுத்தபடி நாங்கள் தவித்தது செய்திக்குத்தான். பின்னாலேயே இன்னொரு புயல் வருகிறது என்று ஒருவர் சொல்வார், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இன்னொருவர் சொல்வார். யாரை நம்புவது?

புயல் அடிக்கும்போதே செய்தி தேவைப்படுகிற நேரம் ஒன்று உண்டு. புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்தது என்று நினைத்து மாட்டைப் பார்க்க, ஓட்டைச் சரிசெய்ய ஆட்கள் வெளியே கிளம்பிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி அடிக்கும். ஏற்கெனவே ஆட்டம் கண்ட மரமும் சுவரும் அப்போதுதான் விழும். புயல் முழுவதும் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்கிறவரை உள்ளேயே இருக்க வேண்டும். கரண்டும் டவரும் போன ராத்திரியில் அந்த அறிவிப்பு ரேடியோ வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

இந்தப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. காரைக்கால் பண்பலை 100.3, ஏரியலை முழுசாக இழுத்துவிட்டால் கூடத்திலேயே தெளிவாகக் கேட்கிறது. மீடியம் வேவில் திருச்சி 936 வருகிறது. எனக்கு இதுதான் முக்கியம். பக்கத்து எஃப்எம் கோபுரம் சாய்ந்தால் அந்த நிலையம் போச்சு, மீடியம் வேவ் அலை தரையோடு வெகுதூரம் போகும் என்பதால் புயல் தொடாத ஊரிலிருந்தும் எட்டும். எஃப்எம் மட்டும் உள்ள மாடல் நூறு இருநூறு குறைவாகக் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள்.

மீடியம் வேவ் கேட்கும்போது கரகரவென்றால் செட்டைக் குறை சொல்ல வேண்டாம். எல்இடி பல்பும் போன் சார்ஜரும் போடுகிற இரைச்சல் அது. மெயினை அணைத்துவிட்டுக் கேட்டேன், பளிச்சென்று இருந்தது. மீடியம் வேவுக்கான ஏரியல் உள்ளே படுத்த வாக்கில் இருக்கிற ஃபெரைட் கம்பி. வெளியே இருக்கிற ஏரியலை எவ்வளவு இழுத்தாலும் இதற்கு ஒரு மாற்றமும் இருக்காது. பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும், ஒரு திசையில் குரல் ஓங்கும். எங்கள் வீட்டில் அது ஜன்னலுக்குப் பக்கவாட்டில்.

‘டபிள்யூபி’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அமெரிக்க வானிலை ஒலிபரப்புக்கான அலைவரிசை. நம் ஊரில் அதில் உஸ் என்ற சத்தம் மட்டும்தான். அதைப் பெரிய வசதி மாதிரி இங்கேயும் விளம்பரத்தில் போடுவது சரியில்லை.

கைப்பிடிக்கு வருவோம். விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் ஒரு நிமிஷம் சுற்றினால் மிதமான சத்தத்தில் ஐந்தாறு நிமிஷம் பாடுகிறது. ஒரு செய்தியறிக்கைக்கு இது போதும். சுற்றும்போது மிக்ஸி மாதிரி இரைகிறது, அந்த நேரத்தில் எதுவும் காதில் விழாது. “ஏம்மா, நியூஸ் முடிஞ்சப்புறம் சுத்தேன்” என்று அத்தை சொன்னதுதான் சரியான முறை. முதலில் சுற்றி வைத்துவிட்டு, செய்தி நேரத்துக்குப் போட வேண்டும். கைப்பிடியின் மூட்டில் வெறும் பிளாஸ்டிக்தான், பிள்ளைகள் கையில் கொடுத்தால் தாங்காது.

போன் சார்ஜர் என்பதை மறந்துவிடுங்கள். உள்ளே இருப்பது 2,000 எம்ஏஎச் பேட்டரி, இன்றைய போன்களில் 5,000 இருக்கிறது. மொத்தத்தையும் போனுக்குக் கொட்டினாலும் பாதி ஏறாது, ரேடியோவும் செத்துவிடும். கையால் சுற்றிப் போனை உயிர்ப்பிக்கலாம் என்றால் தோள்தான் வலிக்கும். அந்த வேலைக்குத் தனியாகப் பவர் பேங்க் வையுங்கள். சோலார் தகடு இரண்டு விரல் அகலம், பகல் முழுக்க வெயிலில் வைத்தும் கால்வாசிகூட ஏறவில்லை. சுட்டெரிக்கும் மாடியில் பேட்டரியைக் காயப்போடுவதும் நல்லதில்லை.

டார்ச் ஒளி சிறுசு, கொல்லைப்பக்கம் போய்வர ஆகும். பக்கவாட்டில் உள்ள விளக்கு சமைக்கும்போது நல்ல உதவி. அபாயச் சங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் நம்பலாம். புயல் இரைச்சலில் அதுவும் சந்தேகம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பின்னால் மூன்று சின்ன பென்சில் செல் போடும் அறை. உள் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்தாலும் மூன்று செல் வாங்கிப் போட்டு ஓட்டலாம். இந்த அறை இல்லாத மாடல்களும் வருகின்றன, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள். செல்லை உள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும், வெளியே ஒரு பையில் வையுங்கள். உள் பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை 100.3-உம் 936-உம் வைத்துப் பார்த்துவிட்டு, எண்களை மார்க்கரால் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள், இருட்டில் அத்தையே தனியாக வைத்துக்கொள்ளும்படி. நான் முள் நிற்க வேண்டிய இடத்திலும் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.