பனியன் துணி, ஸ்வெட்டர் ஓட்டைகளை வீட்டிலேயே அடைத்துப் பார்த்ததில்

சில வருடங்களாக வீட்டில் டி-ஷர்ட், லெக்கிங்ஸ், ஸ்வெட்டர் எது கிழிந்தாலும் என் கைக்குத்தான் வரும். இதற்காக வாங்கிய சாமான்களில் கொடுத்த காசுக்கு உழைத்தவை முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசியும் கொக்கி வைத்த லேட்ச் ஊசியும்தான். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் டேப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் நாள் அருமையாக இருக்கும், ஓட்டை இருந்த இடமே தெரியாது. வாஷிங் மெஷினில் போட்டுப் போட்டு எடுக்க ஓரம் தூக்கிக்கொள்ளும், அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி விறைத்து நிற்கும், சுற்றிலும் துணி இழுபட டேப் விளிம்பிலேயே புதுசாக ஒரு ஓட்டை வரும். அவசரத்துக்குச் சரி, அவ்வளவுதான்.

டி-ஷர்ட்டின் வயிற்றுப் பக்கம் குண்டூசித் தலை அளவில் ஓட்டை ஓட்டையாக வருமே, அதைப் பூச்சி அரித்தது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் பூச்சி இல்லை, ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் பக்கிளும் சமையல் மேடை விளிம்பும் சேர்ந்து தேய்க்கிற தேய்ப்பு. துணி அந்துப்பூச்சியின் புழுவுக்குப் பிடித்தது கம்பளி, சுத்தமான பருத்தியை அது சீண்டுவது அபூர்வம்.

பனியன் துணியில் நெய்த துணி மாதிரி நெடுக்கே ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடு கிடையாது, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் கோத்து வருவது. ஓர் இழை அறுந்தால் அதைப் பிடித்திருந்த வளையமும் தனியாகிவிடும். அதனால் சின்ன ஓட்டையென்றால் துணியைத் திருப்பிப்போட்டு, அதே நிறத்தில் ஒற்றை நூல் எடுத்து, சுற்றியுள்ள வளையங்களை ஒன்று விடாமல் கோத்து மெதுவாகச் சுருக்கினால் போதும். இறுக்கினால் தொப்புள் மாதிரி குழி விழும். கூர் ஊசி இழையையே குத்தி அறுக்கும், பால்பாயிண்ட் ஊசியின் மழுங்கிய முனை இழையை விலக்கிவிட்டு உள்ளே போகும். தையல் மெஷினுக்கும் இதே ஊசி உண்டு, மெல்லிய துணிக்கு 70 நம்பர், சாதாரண டி-ஷர்ட்டுக்கு 80 நம்பர். நேர்த்தையல் போடாதீர்கள், துணி இழுபடும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும், ஜிக்ஜாக்தான் சரி. பெரிய கிழிசலுக்குப் பழைய பனியனில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கம் வைத்துத் தைக்கலாம், துண்டு இழுபடும் திசையும் சட்டை இழுபடும் திசையும் ஒன்றாக இருக்கட்டும்.

ஏணிப்படி மாதிரி இழை ஓடியிருந்தால் லேட்ச் ஊசி. கொக்கியோடு மூடித் திறக்கும் ஒரு குட்டி நாக்கு இருக்கும். அடியில் தனியாக நிற்கும் வளையத்துக்குள் ஊசியை விட்டு, மேலே உள்ள படியைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் நாக்கு மூடிக்கொண்டு புது வளையம் வந்துவிடும், இப்படியே மேல் வரை ஏறி, கடைசி வளையத்தை நூலால் கட்ட வேண்டும். திருப்பூர் நிட்டிங் மெஷின்களில் வேலை செய்வதும் இந்த ஊசியேதான், ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி என்பது அங்கே சகஜம், அதனால் டி-ஷர்ட் வளையத்துக்கு அந்த மெல்லிய ரகமே வேண்டும். கார்பெட் பின்னும் பெரிய கொக்கியை ஆன்லைனில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பருத்தி இழை சொரசொரப்பு, அதிகம் ஓடாது. விஸ்கோஸும் நைலானும் வழவழவென்று இருப்பதால் ஓடிக்கொண்டே போகும், கண்டவுடன் ஒரு சேஃப்டி பின்னாவது குத்தி வையுங்கள்.

ஸ்வெட்டர் முழங்கையில் ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். இழை மெலிந்து வெளிச்சம் தெரியும்போதே, இருக்கிற வளையங்களின் தடத்திலேயே புது நூலை ஓட்டிவிட்டால் வெளியே தெரியாது, இழுபடும் தன்மையும் போகாது, நான் செய்த வேலைகளிலேயே அதிக நாள் நின்றது இதுதான். ஓட்டையே விழுந்துவிட்டால் பாய் முடைவது போல் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டலாம், ஆனால் அந்த இடம் இழுபடாது, நல்ல பகுதிக்குள் அரை அங்குலமாவது போய் ஆரம்பிக்காவிட்டால் ஓரத்தில் பிய்த்துக்கொள்ளும். ஸ்வெட்டரோடு பட்டன் கவரில் கொஞ்சம் நூல் வைத்துத் தருவார்கள், அதைத் தூக்கி எறியாதீர்கள். அக்ரிலிக் ஸ்வெட்டரில் மட்டும் இஸ்திரியை அழுத்திவிடாதீர்கள், சூட்டில் வளையங்கள் தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது. எங்காவது மாட்டி நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்கோல் எடுக்கவே கூடாது, ஊசியால் உள்பக்கம் இழுத்துவிட்டுத் துணியை இரண்டு பக்கமும் லேசாக இழுத்தாலே பாதி சரியாகிவிடும்.

கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை) தொளதொளத்த டி-ஷர்ட்டை மட்டும் நான் தொடுவதில்லை. வேறு துணிக்கு ஒட்டுப் போட அதை வெட்டி வைத்துக்கொள்கிறேன்.