மீட்டர் படம் வேண்டாம்: டைப் 1 பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் சில வருடங்கள்

சாய்ந்தமருதில் இருந்து ஒரு தாய் கேட்டார்: "தங்கச்சி, நீங்க இருக்கிற குழுவில என்ட மகனையும் சேர்க்கட்டா? 13 வயசு. டைப் 1 சீனி வருத்தம் எண்டு இப்பதான் சொன்னாங்க." இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் இங்கே எழுதுகிறேன். ஊசி போடுவது, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் கிளினிக்கில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது மனசு பற்றியது.

எனக்கும் டைப் 1தான். ஓ/எல் படிக்கும் காலத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் சீனி வருத்தம் என்றால் வயசானவர்களுக்கு வருவது. பிள்ளைக்கு வந்தால் "இனிப்பு கூடத் திண்டிருப்பாள்" என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது, இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேருக்கு விளங்கப்படுத்துவது? பொம்பிளைப் பிள்ளை என்றால் வீட்டிலேயே "வெளியில சொல்லாத, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்பார்கள். அப்படி ஒளித்து ஒளித்து ஊசி போட்ட எனக்கு, ஒளிக்கத் தேவையில்லாத ஒரே இடமாக அந்தக் குழு இருந்தது.

நடு இரவில் சீனி 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். குளுக்கோஸ் குடித்துவிட்டு மறுபடி பார்ப்பதற்கு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த 15 நிமிடத்தின் பயம் இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு இரவு 2 மணி என்றால் டொரோன்டோவில் பின்னேரம். அங்கிருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்று "குடிச்சிட்டீங்களாக்கா? சரி, என்னோட கதைச்சுக்கொண்டே இருங்க" என்று குரல் பதிவு அனுப்பும். 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட லெனார்ட் தாம்சனுக்கு வயது 14, அது தன்னுடைய ஊரில்தான் நடந்தது என்று பெருமையாகச் சொன்னதும் அந்தப் பிள்ளைதான். எங்கள் வயசுப் பையன் ஒருவனிடம் இருந்து இந்தக் கதை தொடங்குகிறது என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிய தெம்பு.

நோன்பு காலத்தில் அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவன் எழுதினான்: நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று தெரியும், ஆனாலும் வீட்டில் எல்லோரும் விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது தான் மட்டும் புறம்பாக இருப்பது போல இருக்கிறதாம். கந்தசஷ்டி விரதம் பிடிக்க முடியாத திருக்கோவில் பிள்ளை ஒன்று அவனுக்குப் பதில் எழுதியது. யாரும் புத்தி சொல்லவில்லை. அதுதான் அந்தக் குழுவின் அருமை.

இனி என் கோபம். சீனி பார்க்கும் மீட்டரின் எண்ணைப் படம் பிடித்துப் போடும் மீட்டர் படங்கள்! காலையில் குழுவைத் திறந்தால் 104, 98, 117 என்று வரிசையாக நிற்கும். கீழே இதயங்கள், கைதட்டல்கள். சீனி ஏறி 340 காட்டிய பிள்ளை என்ன செய்யும்? வளரும் வயசில் ஹோர்மோன்கள் இன்சுலினை மல்லுக்கட்டித் தடுக்கும். அதே சோறு, அதே அளவு ஊசி, ஆனாலும் எண் ஏறும். அது பிள்ளையின் குற்றமே இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் சீனியை விடாமல் அளக்கக் கையில் ஒட்டிய சென்சரின் வரைபடத்தைப் போடும்போது, ஸ்ட்ரிப் வாங்கக் காசு இல்லாமல் ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லண்டன் பிள்ளைகளின் மீட்டர் வேறு அலகில் (mmol/L) காட்டும்; அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் எங்கள் அளவுக்கு (mg/dL) வரும். பெருக்கிப் பார்க்க ஒருவரும் மினக்கெடாததால் அவர்களோடு மட்டும் போட்டி இல்லை.

380 என்று உண்மையைப் போட்ட ஒரு தங்கச்சிக்கு "சோத்தைக் குறை" என்று பதில்கள் குவிந்தன. அதற்குப் பிறகு அவள் நல்ல எண்களை மட்டும் போட்டாள். எல்லாம் பழைய படங்கள் என்று என்னிடம் தனியாகச் சொல்லி அழுதாள். டொக்டர் ஏசுவார் என்று கிளினிக் கொப்பியில் பொய் எண் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொய் தேவைப்படாத இடம் என்றுதானே இங்கே வந்தோம்?

குழுவை நடத்தும் அக்காவிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "நல்ல எண்ணைப் பார்த்தா மத்தவங்களுக்கும் உற்சாகம்தானே" என்கிறார். அவரும் டைப் 1தான். வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறார். "இன்சுலினை நிப்பாட்டலாம்" என்று யாராவது மூலிகைத் தூள் விற்க வந்தால் அடுத்த நிமிடமே வெளியேற்றுவார். சீனி கூடி வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால் குழுவில் கேட்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். இவ்வளவும் தெரிந்தவருக்கு இந்த ஒன்று ஏன் விளங்கவில்லை என்றுதான் ஆற்றாமை.

நான் இந்தக் குழுவை விட்டுப் போக மாட்டேன். ஆனால் புதிதாக வருத்தம் வந்த 13 வயசுப் பிள்ளையைச் சேர்க்கட்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீட்டர் படம் போடக்கூடாது என்று விதி வரட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும் கிளினிக்கில் இரண்டு மூன்று வயசு மூத்த பிள்ளை ஒன்று வருகிறதா என்று தாதியிடம் கேளுங்கள். இரண்டு வீட்டாரும் சம்மதித்தால் நம்பரை வாங்கிக் கொடுங்கள். இரண்டு பேரும் கதைக்கட்டும். என்ன கதைத்தாய் என்று மட்டும் பிள்ளையிடம் கேட்காதீர்கள்.