பழைய லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை: பி43-ஆ, டபிள்யூஎல்-ஆ?

லினக்ஸ் ஏறிவிட்டது, திரையும் ஒலியும் சரி, வைஃபை மட்டும் கண்ணிலேயே படவில்லை. 2008–2010 வாக்கில் வந்த லேப்டாப் என்றால் முதலில் பிராட்காம் அட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பி43, டபிள்யூஎல் என்பவை இத்தகைய அட்டைகளை இயக்கும் டிரைவர்கள். ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ கட்டளையை ஓட்டி அட்டையின் எண்ணைப் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகளில் பல வேறு அட்டைக்கு எழுதியவை.

எண் பிசிஎம்4313 என்றால் கவலை இல்லை: கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) உள்ள டிரைவரும் வழக்கமான ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஏற்றும் மென்பொருள்) தொகுப்புமே போதும். பிசிஎம்4360 என்றால் டபிள்யூஎல் தவிர வேறு வழியில்லை. பி43, டபிள்யூஎல் இரண்டிலும் ஓடக்கூடிய பிசிஎம்4312-தான் ஆளைக் குழப்பும். டெல் 1397 அட்டையில் இருப்பது இதுவே.

பி43 கெர்னலோடு வருவது. ஆனால் அதற்கான ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க பிராட்காம் அனுமதி தரவில்லை. டெபியன் 12-இன் நிறுவல் ஐஎஸ்ஓவில் பல ஃபர்ம்வேர்கள் சேர்ந்த பிறகும் இது சேராததற்கு அதுவே காரணம். ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ தொகுப்பு அதை இணையத்திலிருந்து இறக்கிப் பிரித்து வைக்கும். டெபியனில் தொகுப்புக் களஞ்சியத்தின் ‘கான்ட்ரிப்’ பிரிவைத் திறந்திருக்க வேண்டும். வைஃபை வருவதற்கே இணையம் தேவை என்பதால் லேன் கேபிளையோ, போனின் யூஎஸ்பி டெதரிங்கையோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் பதிவில் ‘யூகோட்15’ கோப்பு இல்லை என்று வந்தால் தீர்வு இந்தத் தொகுப்புதான். ‘ஃபேட்டல் டிஎம்ஏ எரர்’ என்று வந்தால் மாட்யூல் அமைப்பில் ‘பிஐஓ=1’ சேர்க்கவும். சிபியுவுக்குச் சுமை கூடும், ஆனால் இணைப்பு அறுபடாமல் இருக்கும்.

டபிள்யூஎல் பிராட்காமின் சொந்த டிரைவர். உபுண்டுவிலும் மின்ட்டிலும் டிரைவர் மேலாளரில் ஒரே கிளிக்கில் ஏறிவிடுவதால் பலரும் இதைத்தான் போடுகிறார்கள். தொல்லை பிறகு வரும். இதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. புதிய கெர்னல்களுக்கு விநியோகங்களே ஒட்டுப்போட்டு ஓட்டுகின்றன. கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி இதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான கெர்னல் ஹெட்டர் தொகுப்பு விடுபட்டிருந்தால் அப்டேட் முடிந்து ரீபூட் ஆனதும் வைஃபை காணாமல் போகும். அப்போது கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், புதிய கெர்னலுக்கான ஹெட்டரை நிறுவுங்கள்.

இன்னொரு பொறி: டபிள்யூஎல் தொகுப்பு பி43, அதற்கு அடிப்படையான எஸ்எஸ்பி மாட்யூல் ஆகியவற்றைத் தானாக ஏறாதபடி தடைப்பட்டியலில் போடும். டெபியனில் பிராட்காம் லேன் டிரைவரான பி44-ம் அதில் உண்டு. லேன் சிப் பிசிஎம்4401 ஆக இருந்தால் கேபிள் இணைப்பும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே 4312-க்கு முதலில் பி43. அது அடிக்கடி அறுந்தால் மட்டும் டபிள்யூஎல். இரண்டையும் ஒன்றாக வைக்காமல் ஒன்றை நீக்கிவிட்டு மற்றதைப் போடுங்கள்.

இரண்டும் கைவிட்டால் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாம். அதன் ஃபர்ம்வேரே திறமூலம். உள் அட்டையை மாற்றுவதும் ஒரு வழி. ஆனால் சில எச்பி மாடல்களின் பயோஸ் பட்டியலில் இல்லாத அட்டையைப் போட்டால் ‘104’ என்ற பிழையைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். டாங்கிள் வாங்கும்போது பதிப்பு எண்ணையும் பாருங்கள்: டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில்தான் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக்.