பழி ரோட்டு மேல், போல்ட்டில் டேப்: ஒரு கராஜ் விமர்சனம்

ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஏ.சி. வேலைக்காக.

மூலக்கடையிலிருந்து மாதவரம் போகும் பக்கம் உள்ள ஒரு மல்டி பிராண்ட் கராஜ் இது. பேர் போடவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். என் வண்டி பழைய வேகன் ஆர், பெட்ரோல். வாரண்டி முடிந்து வருடங்கள் ஆகின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் கேட்காத வேலையெல்லாம் பில்லில் ஏறிக்கொண்டிருந்ததால் வெளியே நல்ல கடை தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் ஏ.சி.யில் குளிர்ச்சி போய்விட்டது. இரண்டு கடைகளில் கேஸ் மட்டும் அடித்துக் கொடுத்தார்கள், ஒரு மாதம் தாங்கவில்லை. இந்தக் கடையில் இருந்த ஏ.சி. மெக்கானிக் கேஸ் அடிக்கவே மறுத்துவிட்டார். நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று மீட்டரில் பார்த்து, ஜாயின்ட் ஜாயின்ட்டாகச் சோப்புத் தண்ணீர் வைத்துத் தேடி, கடைசியில் கூலிங் காயிலில்தான் லீக் என்று கண்டுபிடித்தார். டேஷ்போர்டைக் கழற்றிப் புதுக் காயில் போட்டார். திரும்ப மாட்டிய பிறகு டேஷ்போர்டில் ஒரு கடகட சத்தம் கிடையாது. அந்த வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பழைய காயிலையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த நம்பிக்கையில்தான் ஜெனரல் சர்வீஸுக்கும் அங்கேயே விட்டேன்.

பில் 5,870 ரூபாய். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் கிளீனிங், வாட்டர் வாஷ். சர்வீஸுக்கு வண்டியை என்னிடமிருந்து வாங்கும்போது ஒரு பையன் ஜாப் கார்டோடு சுற்றிச் சுற்றி வந்தான். கார்டில் கார் படம் அச்சடித்திருக்கும். பின் இடது கதவில் கீறல், முன் பம்பர் மூலையில் பெயின்ட் உதிர்ந்தது, வலது கண்ணாடியில் கோடு, எல்லாவற்றையும் வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினான். நல்ல பழக்கம்தான். இந்தக் கார்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வார இறுதியில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் சொட்டியிருப்பதை வாட்ச்மேன் காட்டினார். போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "வாட்டர் வாஷ் பண்ணோம்ல சார், அடியில இருந்த பழைய ஆயில் தண்ணியோட சேந்து சொட்டும். ரெண்டு நாள்ல நின்னுடும், ஓட்டுங்க." சரி, அவர்கள் கழுவிய வண்டி, அவர்கள் சொல்கிறார்கள். ஓட்டினேன்.

மறுநாள் காலை மணலி பக்கம் வேலைக்குப் போகும்போது, தண்டையார்பேட்டை ஐ.ஓ.சி. பஸ் நிறுத்தம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. இந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயில் குறைகிறது, பெட்ரோல் பங்க்கில் ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிற விளக்கு அல்ல அது. ஆயில் பிரஷர் போய்விட்டது என்று அர்த்தம். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருக்கும். அதோடு இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் தேயும், அடுத்தது இன்ஜின் ஜாம். பின்னால் ஒரு டிரெய்லர்காரர் ஹாரனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, இருந்தாலும் ஓரம் கட்டி அந்த இடத்திலேயே ஆஃப் செய்தேன். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது டிப் ஸ்டிக்கை, எடுத்துப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி, சுமார் 3 லிட்டர் பிடிக்கும்.

பக்கத்து பஞ்சர் கடையில் இருந்த ஒருவர், "போல்ட்ட டைட் பண்ணி ஆயில் ஊத்தினா போயிடலாம்ணா" என்று ஸ்பேனரோடு வந்தார். நல்ல மனசு. ஆனால் தொடவே விடவில்லை. குனிந்து அடியில் நாலு போட்டோ, ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, டோ வண்டி வரவழைத்து நேராக அந்தக் கராஜுக்கே ஏற்றிவிட்டேன். டோயிங் 2,200.

ஏன் தொட விடவில்லை என்றால், என் பிழைப்பு அப்படி. துறைமுகத்துக்குப் போகிற வருகிற கன்டெய்னர்களை யார்டு கேட்டில் நின்று பார்த்து எழுதுகிற வேலை. பெட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போதெல்லாம் ஈ.ஐ.ஆர். என்று ஒரு ரசீது போடுவோம். நசுங்கல், ஓட்டை, துரு எது இருந்தாலும் வாங்கும்போதே அதில் ரிமார்க் எழுத வேண்டும். எழுதாமல் வாங்கிக்கொண்டால், நாளைக்கு அந்த ஓட்டை உன்னுடையது. லாரி டிரைவர் துறைமுகத்தைக் கை காட்டுவார், துறைமுகம் யார்டைக் கை காட்டும், யார்டு லாரியைக் கை காட்டும். தினமும் பார்க்கிற கூத்து. சண்டை முற்றினால் ஜாயின்ட் சர்வே வைப்போம். எல்லாத் தரப்பும் நிற்கும்போதுதான் சீல் உடைப்பது, கதவு திறப்பது எல்லாம்.

கராஜில் வண்டியை இறக்கியதும், லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்பே, சூப்பர்வைசர் தரையில் கையூன்றி எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கீழ அடி வாங்கியிருக்கு சார். மணலி ரோடு லட்சணம் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் பிரச்சினையே. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் வண்டி ஓட்டுகிற எவனும் ரோட்டுக்கு வக்காலத்து வாங்க மாட்டான். ராத்திரி பகலாக டிரெய்லர் ஓடுகிறது, மழைக்காலத்தில் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாது, ஒரு வேலைக்குத் தோண்டி மூடினால் இன்னொரு வேலைக்குத் தோண்டுவார்கள். அதனால் இந்த ஊரில் மெக்கானிக்குக்கு ரோடு மாதிரி சௌகரியமான குற்றவாளி கிடையாது. சஸ்பென்ஷன் சத்தமா, ரோடு. அலைன்மென்ட் நிற்கவில்லையா, ரோடு. திருப்பிப் பேச அதற்கு வாய் கிடையாது.

"தம்பி, அடி பட்டிருந்தா பட்ட இடத்தைக் காட்டுங்க. நான் வீடியோ எடுத்துக்கறேன், நீங்களும் எடுத்துக்கங்க. ரெண்டு பேரும் பாக்கும்போதே போல்ட்டைக் கழட்டுவோம்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் வழியில்லை.

லிஃப்ட் ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தோம். என் வண்டியில் சம்ப் என்பது தகடு. கல்லிலோ ஸ்பீட் பிரேக்கரிலோ இடித்து ஒழுகுகிறது என்றால் நசுங்கியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் கருப்பு பெயின்ட் சுரண்டி உலோகம் தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை. வாட்டர் வாஷ் செய்த பளபளப்புகூடப் போகவில்லை. ஆயில் வழிந்த தடம் முழுக்க, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட்டிலிருந்து பின்பக்கமாக ஓடியிருந்தது. போல்ட்டுக்கு மேலே ஒரு சொட்டு கிடையாது.

போல்ட்டின் அறுகோணத் தலையில் மூலைகள் மழுங்கியிருந்தன, சரியான சாக்கெட் போடாமல் எதையோ வைத்து முறுக்கியதுபோல. பையன் ஸ்பேனர் வைத்துக் கால் சுற்றுத் திருப்பினான். பிறகு ஸ்பேனரே தேவைப்படவில்லை, விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டான். வெளியே வந்ததும் பார்த்தால் மரையைச் சுற்றி வெள்ளையாக டெஃப்லான் டேப். தண்ணீர்க் குழாய்க்கு பிளம்பர் சுற்றுவாரே, அதே டேப். ஆயிலில் ஊறி ஓரமெல்லாம் பழுப்பாகி, நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. டேப்புக்கு நடுவே முடி கனத்தில் வெள்ளி மாதிரி மின்னுகிற சுருள். சம்பின் உள் மரை அறுந்து வந்த சீவல் அது. ஒவ்வொரு சர்வீஸிலும் புதிதாகப் போட வேண்டிய வாஷர் இல்லவே இல்லை.

பையன் டேப்பைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரைப் பார்த்தான். நான் இருவரையும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரை அறுந்ததுகூட எனக்குக் கோபமில்லை. அளவுக்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும், எந்தக் கடையிலும் நடக்கும். ஆனால் டேப் தானாகச் சுற்றிக்கொள்ளாது. மரை போய்விட்டது என்று தெரிந்த ஒருவன், மேலே போய்ச் சொல்வதற்குப் பதில் டேப்பைச் சுற்றி மாட்டி அனுப்பியிருக்கிறான். அதற்குப் பிறகு ஆயில் சொட்டுகிறது என்று போட்டோ அனுப்பினால், வாட்டர் வாஷ் கதை.

ரோடு தப்பித்தது. அடுத்து பழைய கடை மாட்டியது. "இது எங்க ஆள் சுத்தின டேப் இல்ல சார். முன்னாடி சர்வீஸ் பண்ணவன் வேலை. எங்ககிட்ட வரும்போதே மரை போயிருக்கும்."

ஜாப் கார்டை எடுக்கச் சொன்னேன். "கண்ணாடியில இருக்கற கோட்டைக்கூட வட்டம் போட்டிருக்கீங்க. ஆயில் மாத்தணும்னா இந்த போல்ட்டைக் கழட்டாம முடியாது. கழட்டினவர் டேப்பைப் பார்த்திருப்பார். மரை போயிருக்குன்னு ஒரு வரி எழுதி, எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா புது சம்ப் போட காசு நானே குடுத்திருப்பேன். வாங்கும்போது எழுதல, கழட்டும்போது எழுதல, பில் போடும்போதும் எழுதல. இப்ப பழசுன்னா எப்படி?"

மூன்றாவது பதில், அந்த வேலையைச் செய்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது. நான் பில்லைக் காட்டினேன். அதில் ஆள் பேர் இல்லை, கடை பேர்தான் இருக்கிறது.

ஓனர் மத்தியானம் வந்தார். வயதில் பெரியவர், கத்தவில்லை, டீ சொன்னார். வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். வேலை தெரிந்த பையன்கள் நிலைப்பதில்லை, இரண்டு மாதம் பழகியதும் தனியாகப் போய்விடுகிறார்கள் என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அவருடைய சம்பளப் பட்டியல் கவலை, என் இன்ஜினின் கவலை இல்லை. முதலில் அவர் சொன்ன கணக்கு: "லேபர் ஃப்ரீ, சம்ப், ஆயில் காசு மட்டும் நீங்க குடுங்க." முடியாது என்றேன்.

இந்த இடத்தில் சட்டம் பற்றிக் கொஞ்சம், தேவைப்படுகிறவர்களுக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குப் பெயர் சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியலாம், காசு கிடையாது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் குறைபாடு இருந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பு புகார் கொடுக்கிற நமக்குத்தான். பஞ்சர் கடைக்காரர் அந்த போல்ட்டை முறுக்கியிருந்தால் டேப் யாருடையது என்று கராஜ் ஜோராக வாதாடியிருக்கும். இதையெல்லாம் ஓனரிடம் மிரட்டலாகச் சொல்லவில்லை. வீடியோவையும் வாய்ஸ் மெசேஜையும் கேட்கப்போவதை ஒரே ஈமெயிலாக அவர் எதிரிலேயே அனுப்பினேன்.

கேட்டது நான்கு: புது சம்பும் போல்ட்டும் வாஷரும், புது ஆயிலும் ஃபில்டரும், கேஜ் வைத்து ஆயில் பிரஷர் பார்த்து அளவை எழுதிக் கொடுப்பது, டோயிங் காசு. மூன்றாவதில்தான் நிறைய இழுத்தடித்தார்கள். "ஸ்டார்ட் பண்ணா சத்தம் இல்லையே, அப்புறம் என்ன சார் டெஸ்ட்?" என்றார் சூப்பர்வைசர். சத்தம் ஆறு மாதம் கழித்து வந்தால் அப்போது மறுபடி ரோடு வந்துவிடும். அதனால் விடவில்லை. கடைசியில் கேஜ் வைத்தார்கள், இன்ஜின் சூடான பிறகும் பிரஷர் சரியாக இருந்தது, பில்லின் பின்பக்கம் அளவை எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

சம்ப், ஆயில், டெஸ்ட் மூன்றும் கடை செலவு. டோயிங் 2,200 மட்டும் தர முடியாது என்று ஓனர் பிடிவாதமாக நின்றார். பேர் போட்டு எழுத மாட்டேன் என்றால் பாதி தருகிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார். 1,100 வாங்கிக்கொண்டேன். இந்த விமர்சனத்தில் பேர் இல்லாதது அதனால்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். எழுதவே மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏ.சி. ரிப்பேருக்கு இன்றைக்கும் அந்தக் கடைக்குத்தான் போவேன். அந்த ஏ.சி. மெக்கானிக் இருக்கிற வரைக்கும். ஆயில் சர்வீஸை இப்போது புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னக் கடையில் செய்கிறேன். லிஃப்ட் கிடையாது, ரேம்ப்தான். வாட்டர் வாஷ் கிடையாது, டீயும் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் போல்ட்டைக் கழற்றியதும் கூப்பிட்டு மரையைக் காட்டுகிறார், சரியான அளவுக்கு மட்டும் முறுக்க டார்க் ரெஞ்ச் வைத்து மூடுகிறார், பழைய வாஷரைக் கையில் கொடுக்கிறார். கூலி 400.