எஃப்-150க்குள் எந்த டீசல் இறங்கும்?

எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் 1984 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பானட்டைத் திறந்தால் தரை தெரியும். உள்ளே இருந்த ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது. டெக்சாஸில் யாரைக் கேட்டாலும் ‘டீசல் போட்டுவிடு’ என்கிறார்கள். எந்த டீசல் என்று கேட்டால்தான் சண்டை.

மைலேஜில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். ஒரே அளவு பெட்ரோலைவிட டீசலில் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை கூடுதல். மாற்றும் செலவு அந்த மிச்சத்தை வருஷக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும். இழுவைக்கும் ஆயுளுக்கும் ஆசைப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது கம்மின்ஸ் 6பிடி. 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் எஞ்சின். 160 குதிரைத்திறன், சுமார் 540 நியூட்டன் மீட்டர் இழுவை. நம் ஊர் லாரிக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை, டாடா 1613இல் ஓடியது இதே குடும்பம்தான். 1993 வரை வந்தவற்றில் டீசலைப் பீச்சுவது பாஷ் விஇ பம்ப். டீசலை நிறுத்தும் சோலனாய்டுக்கு (மின் வால்வுக்கு) ஒரு ஒயர் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் எதுவும் கேட்காது. 1994 முதல் 1998 வரை வந்த பி7100 பம்ப்புக்கு விலை எகிறுவது, அதைத் திருகி இன்னும் சக்தி எடுக்கலாம் என்பதால். இரண்டிலும் ஒரு பொதுக் குறை உண்டு. டைமிங் கியர் பெட்டியில், பாகத்தை இடம் மாறாமல் பிடிக்கும் சின்ன உலோக ஆணியான டவல் பின் தளர்ந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் எஞ்சின் காலி. அதன் முன்னால் ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம். யாரிடம் வாங்கினாலும் அதைச் செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் எடை. 6பிடி ஏறக்குறைய 500 கிலோ, நான் கழற்றிய பெட்ரோல் எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எஃப்-150இன் முன் ஸ்பிரிங்கும் பிரேக்கும் அதற்குச் செய்தவை அல்ல. போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வளைவில் அந்த வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அதன் தம்பி 4பிடி? நான்கு சிலிண்டர், 3.9 லிட்டர், 340 கிலோ சொச்சம். ரொட்டி வேன்களில் ஓடிய எஞ்சின். இதற்கு இருக்கும் புகழ் எனக்குப் புரிவதில்லை. குதிரைத்திறன் 105, நான் கழற்றிப் போட்ட பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினில் அதிர்வுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். நான்கில், அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸ் தண்டும் இல்லாதபோது, ஸ்டியரிங் முதல் பக்கக் கண்ணாடி வரை ஆடும். விலை குறைவாக இருந்த காலத்தில் கிடைத்த பெயரை இன்றைய விலையிலும் விற்கிறார்கள்.

இரண்டு கம்மின்ஸிலும் மாட்டிக்கொள்ளும் இடம் கியர். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இவை நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டியே மூச்சுவாங்கிவிடும், அதற்கு மேல் ஏறாது. என் வண்டிக்குப் பின் ஆக்சில் விகிதம் 3.55, டயர் உயரம் 29 அங்குலம், நான்கு கியரில் கடைசியது நேர் கியர், அதாவது எஞ்சின் சுற்று அப்படியே ஆக்சிலுக்குப் போகும். கணக்குப் போட்டால் 2,500 சுற்றில் மணிக்கு 98 கிலோமீட்டர்தான். இங்கே ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் 120இல் போகலாம், பின்னால் வரும் லாரி ஹாரன் அடித்தே ஓட்டும். ஐந்தாவது கியர் 0.75 உள்ள பெட்டி போட்டால் அதே சுற்றில் 130 வரும். ஆக, எஞ்சின் வாங்கும்போதே கியர்பாக்ஸையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மூன்றாவது, கம்மின்ஸே பெட்டியில் போட்டு விற்ற ஆர்2.8. 2017இல் வந்தது, 2.8 லிட்டர், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் காமன் ரெயில், 161 குதிரைத்திறன். எடை என் பழைய பெட்ரோல் எஞ்சினை ஒட்டியே வருகிறது, அதனால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். சுற்றும் தாராளமாக ஏறும். ஒயரிங், கம்ப்யூட்டர், ஆக்சிலேட்டர் மிதி எல்லாம் கூடவே வரும். பொறியியலாகப் பார்த்தால் எஃப்-150க்கு இதுதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வந்த புதிதிலேயே 9,000 டாலரை ஒட்டிய விலை. கியர்பாக்ஸ் இணைப்பு, இன்டர்கூலர், எஞ்சின் மவுண்ட் எல்லாம் அதற்கு மேல். சென்சார் ஒன்று போனால், சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் தெரிந்த என் மெக்கானிக் கையை விரித்துவிடுவார்.

கடைசியாக, யாரும் ஆசைப்படாத ஒன்று: ஃபோர்டே எஃப்-250 போன்ற தன் கனரக பிக்கப்புகளில் போட்ட இன்டர்நேஷனல் வி8 டீசல். 1983இல் 6.9 லிட்டர், 1988 முதல் 1994 வரை 7.3. கடைசி ஓரிரு வருஷத்து எஞ்சின்கள் சிலவற்றைத் தவிர டர்போ இல்லை, டீசலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் முறையும் இல்லை. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். எடை 400 கிலோவைத் தாண்டும். பெரிய நோய் சிலிண்டர் சுவரில்: கூலன்டில் உண்டாகும் நுண்குமிழிகள் சுவரை வெளிப்பக்கத்திலிருந்து அரித்து ஓட்டை போடும். 7.3இல் சுவர் மெலிது, ஆபத்து கூடுதல். கூலன்டில் அதற்கான மருந்தைத் தவறாமல் கலந்துவந்தவரிடம் மட்டுமே வாங்கலாம்.

இருந்தும் நான் இதன் பக்கம் சாய்ந்தேன். காரணம் எஞ்சினில் இல்லை, அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்களில். டீசலில் த்ராட்டில் தட்டு இல்லாததால், பிரேக்குக்கு உதவும் வேக்குவம் கிடைக்காது. பிரேக் மிதி கல்லாகிவிடும். தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். டாங்கிக்குத் திரும்பும் குழாய், ஹீட்டர் ரிலே, பெரிய ரேடியேட்டர், கிளட்ச் இணைப்பு என்று பட்டியல் நீளும். பாதியில் நின்று கொட்டகையில் தூசி படிந்த வண்டிகள் பலவும் இந்தச் சாமான்களால் நின்றவைதான். 1980 முதல் 1996 வரை ஃபோர்டு பிக்கப்பின் அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றே என்பதால், ஐந்து கியர் பெட்டி உள்ளதாகப் பார்த்து, துருப்பிடித்த ஒரு டீசல் எஃப்-250ஐ முழுசாக வாங்கினால் அத்தனையும் அதிலேயே இருக்கும். முன் ஸ்பிரிங்கும் பிரேக்கும்கூட. ஒரே தொல்லை, அதன் சக்கரத்துக்கு எட்டு போல்ட், என்னுடையதற்கு ஐந்து. பின் ஆக்சிலையும் சேர்த்து மாற்றினால்தான் ஸ்டெப்னி பொருந்தும்.

பேசாமல் அந்தச் சேசிஸ் மேலேயே என் கேபினைத் தூக்கி வைத்தால் என்ன என்று மைத்துனர் கேட்டார். சேசிஸில் அடித்த எண்ணைவைத்துத்தான் வண்டிக்குப் பேர். காகிதத்தில் அது வேறு வண்டியாகிவிடும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் காகிதத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே 1997 வரையிலான டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை என்பதை நம்பி, பெட்ரோல் வண்டியாகப் பதிந்ததில் டீசலை இறக்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நான் பார்த்த எஃப்-250 1990ஆம் வருஷத்து 7.3. விலை பேசுவதற்கு முன்னால், எஞ்சின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து சோதனைப் பட்டையை நனைத்தேன். மருந்து அளவு சரியாக இருந்தது. ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.