மார்ச் மாத டார்பன் ட்ரிப்புக்கு முன்பணம் கட்டும் முன்

அட்லாண்டாவில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார். மார்ச்சில் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக், குடும்பத்தோடு ஃப்ளோரிடா கீஸ் வருகிறார்கள், அதாவது ஃப்ளோரிடாவின் தென்கோடியில் பாலங்களால் இணைந்த தீவுகளுக்கு. ஒரு நாள் படகோடு வரும் கைடு வைத்து, டார்பன் என்ற பெரிய கடல்மீனைத் தூண்டிலில் பிடிக்கப் போகலாம் என்று ஆசை. முழு நாளுக்கு 800 டாலருக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்றார். போனில் பதில் சொல்ல ஆரம்பித்து நேரம் போனதே தெரியவில்லை. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

கைடு ட்ரிப் எப்படி நடக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தூண்டில், ரீல், இரை எல்லாம் அவருடையது. கைடின் லைசென்ஸே படகில் வருபவர்களுக்கும் செல்லும். தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி, சாப்பாடு நம்முடையது. டிப் 15 முதல் 20 சதவீதம். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2013 முதல் ஃப்ளோரிடாவில் டார்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும், 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. நல்ல சட்டம். அறுபது வருடத்துக்கு மேல்கூட வாழக்கூடிய மீனை ஒரு போட்டோவுக்காகப் படகில் போட்டு உருட்டுவது எனக்கும் பிடிக்காது.

நான் மயாமியில் இருக்கிறேன். கீஸில் இருக்கும் ஐலமொராடாவுக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பல வருடமாக, வெவ்வேறு கைடுகளோடு, பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோதான் போகிறேன். மே, ஜூனில் நல்ல கைடு கிடைப்பது கஷ்டம். பழைய வாடிக்கையாளர்கள் படகை விட்டு இறங்கும்போதே அடுத்த வருடத் தேதியையும் சொல்லிவிடுவார்கள்.

இத்தனை வருடத்தில் என்னைத் திரும்பத் திரும்பக் கடுப்பேற்றுவது விலையோ, அதிகாலை எழுவதோ, மீன் தப்பிப்பதோ இல்லை. ரத்து விதிதான்.

கிட்டத்தட்ட எல்லாக் கைடுகளும் ஒரே மாதிரிதான் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பணம் கட்ட வேண்டும். வானிலை மோசமானால் வேறு தேதி அல்லது பணம் வாபஸ். மோசமா இல்லையா என்று முடிவெடுப்பது கேப்டன், அதாவது கைடேதான். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அவர்கள் சொல்லும் வானிலை என்பது மழை, இடி, பலத்த காற்று. எல்லாமே தண்ணீருக்கு மேலே நடப்பவை. டார்பன் இருக்குமா இருக்காதா என்பதை மார்ச்சில் தீர்மானிப்பதோ தண்ணீரின் சூடு.

டார்பனுக்குத் தண்ணீர் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட வேண்டும். எழுபதை ஒட்டி இறங்கினால் ஆழமில்லாத இடங்களை விட்டுக் கிளம்பிவிடும். கீஸுக்கு வடக்கே இருக்கும் ஃப்ளோரிடா விரிகுடாவில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. இரண்டு நாள் வெயில் அடித்தால் சூடாகும், ஒரு ராத்திரி வாடைக்காற்று அடித்தால் தட்டில் ஊற்றிய டீ மாதிரி ஆறிவிடும். 2010 ஜனவரிக் குளிரில் ஃப்ளோரிடாவில் ஸ்னூக் என்ற மீனும் டார்பனும் செத்து மிதந்தன. மார்ச்சில் அவ்வளவு தூரம் போகாது. மீன் சாகாது, இடத்தைக் காலி செய்துவிடும், அவ்வளவுதான்.

மார்ச்சில் குளிர்காற்றுப் படலம் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கிலிருந்து இறங்கும். சில சமயம் வாரத்துக்கு ஒன்று, சில சமயம் இன்னும் அடிக்கடி. அது வரும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் காற்று தென்கிழக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பும், பிறகு தென்மேற்கு. புழுக்கம் கூடும், மேகம் இறங்கும், சட்டை உடம்போடு ஒட்டும். அப்புறம் ஒரு மழைக் கோடு கடந்துபோகும், காற்று சட்டென்று வடமேற்குக்கு மாறும். மறுநாள் வானம் துடைத்துவிட்டபடி நீலமாக இருக்கும். அதன் பிறகு காற்று வடகிழக்கு, கிழக்கு என்று மெல்லச் சுற்றி வர வர, தண்ணீர் மறுபடி சூடாகும்.

இதில் டார்பன் நன்றாக இரை எடுப்பது படலம் வருவதற்கு முந்தைய புழுக்கமான நாளில். போனில் அந்த நாளுக்கு மேகமும் மழையும் படமாக இருக்கும். ஊரிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்துப் பயந்து தேதி மாற்றச் சொல்வார்கள், கைடும் சிரமமில்லாமல் மாற்றிக் கொடுப்பார். படலம் கடந்த மறுநாளுக்கு முழுச் சூரியன் படம் இருக்கும். அந்த நாளுக்கு யாரும் ரத்து கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் விதிப்படி அது அருமையான நாள். நல்ல நாளைத் தள்ளிப்போட வழி கொடுத்து, மோசமான நாளுக்கு முழுப் பணத்தையும் வாங்கும் விதி இது. வருடா வருடம் படிக்கிறேன், வருடா வருடம் கோபம் வருகிறது.

போன மார்ச்சில் இதில் நேராகவே மாட்டினேன். முதல் நாள் இரவு படலம் கடந்தது. அதற்கு முன்பே கைடுக்கு மெசேஜ் அனுப்பினேன், தண்ணீர் எப்படி இருக்கும், இரண்டு நாள் தள்ளிப் போகலாமா என்று. காலையில் வானம் தெளிவாக இருக்கும், ஆறு மணிக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. போனேன். படகுத்துறையில் எல்லாரும் ஜாக்கெட்டில் நின்றார்கள். விரிகுடாப் பக்கம் போனதும் படகின் திரையில் தண்ணீரின் சூடு 68 என்று காட்டியது. கைடும் பார்த்தார், நானும் பார்த்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. வடகாற்றில் அடித்தளச் சேறு கலங்கி, தண்ணீர் பால் ஊற்றிய நிறத்தில் இருந்தது. அதில் மீன் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மதியத்துக்குள் இரண்டு மூன்று சிறு பாரை, ஒரு குட்டிச் சுறா. டார்பன் மூச்சு வாங்கும் ஒரு சுழிகூடத் தெரியவில்லை. கணக்கு முடிக்கும்போது முழு நாள் டார்பன் ட்ரிப் விலைதான். கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை.

கைடுகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பாதிக்கும் காலமே மூன்று நான்கு மாதம். முதல் நாள் மாலை ஒருவர் ரத்து செய்தால் அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் கிடைக்காது. படகுக் கடன், எண்ணெய், விடிவதற்கு முன்பே வலை வீசிப் பிடிக்கும் மடவை இரை, எல்லாம் செலவுதான். மீன் கிடைக்கும் என்று எந்தக் கைடும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, நானும் கேட்கவில்லை. நான் கேட்பது தகவல். வருடக்கணக்கில் அந்தத் தண்ணீரில் நிற்பவருக்கு, 68 டிகிரியில் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே வரச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் வேறு மாதிரியும் நடக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். வயதான கைடு ஒருவர், சில வருடம் அவரோடு போனேன், முதல் நாள் மாலை தானே கூப்பிடுவார். நாளைக்கு வேண்டாம், காற்று வடக்கு, புதன்கிழமை காற்று கிழக்குக்கு வந்துவிடும், அன்றைக்கு வா என்பார். முடியாவிட்டால் முன்பணத்தை அப்படியே திருப்பி அனுப்புவார். கட்டாயம் போயே ஆக வேண்டும் என்றால் விரிகுடாவைத் தொடவே மாட்டார். அட்லாண்டிக் பக்கத்துத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் கடலிலிருந்து உள்ளே ஏறும் ஓதத்தின் நேரம் பார்த்துப் பாலத்தடிக் கால்வாய்களுக்குப் போவார். வற்றும் ஓதத்தில் விரிகுடாவின் குளிர்ந்த கலங்கல் தண்ணீர்தான் அதே கால்வாய் வழியாக வெளியே வரும், அப்போது நங்கூரம் போட்டு உட்கார்ந்து பயனில்லை என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

நான் பார்த்த சிறந்த நாளும் அவரோடுதான். அதுவும் மார்ச்சில்தான். போனில் மழைப் படம், துறையில் பாதிப் படகுகள் கட்டியே கிடந்தன. அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மணி வரை நமக்கு நேரம் இருக்கிறது, முதல் இடி கேட்டதும் பேச்சே கிடையாது, கரைக்கு என்றார். லாங் கீ பக்கம் ஒரு பாலத்துக்கு மேல்நீரில் நங்கூரம். நங்கூரக் கயிற்றில் ஒரு பந்து மிதவை, மீன் மாட்டினால் கயிற்றைக் கழற்றி மிதவையோடு விட்டுவிட்டு மீன் பின்னால் போக. மடவையின் உதட்டில் வட்ட முள் கோத்து ஓட்டத்தோடு பின்னால் விட்டோம். காற்று தெற்கு, தண்ணீர் சாம்பல் நிறம், அலையே இல்லை.

அப்போது அவை புரள ஆரம்பித்தன. டார்பன் மேலே வந்து காற்றையும் விழுங்கும், அதன் காற்றுப்பை நுரையீரல் வேலையும் செய்கிறது. முதுகு தெரியும், ஈட்டி முனையாக நீண்ட கடைசி முதுகுத் துடுப்பு இழை தெரியும், பக்கவாட்டுச் செதில்கள் ஒரு நொடி மின்னும், ஒரு பெருமூச்சுச் சத்தம், உள்ளே போய்விடும். சுற்றிலும் அந்தச் சத்தம். தூண்டில் நரம்பு இறுகியதும் சுண்டி இழுக்காதே, ரீலை மட்டும் சுற்று என்று கத்தினார். வாய் முழுக்க எலும்பு, சுண்டினால் முள் ஏறாது, வட்ட முள் தானாகத் திரும்பி வாயோரத்தில் பிடித்துக்கொள்ளும். மீன் முழு உடம்போடு வெளியே வந்து தலையை உதறியபோது அதன் செவுள் தகடுகள் அடிக்கும் சத்தம் படகு வரை கேட்டது. குதிக்கும்போது கம்பைத் தாழ்த்தி மீன் பக்கம் நீட்ட வேண்டும், நரம்பு தளர்ந்தால்தான் அறாது. அவர் மிதவையைக் கழற்றி, எஞ்சினைப் போட்டு, பாலத் தூண்களுக்கு நடுவே அதன் பின்னால் கொண்டுபோனார். நூறு பவுண்டு இருக்கும் என்றார். பக்கத்தில் வந்ததும் தாடையைப் பிடித்து, படகை மெதுவாக நகர்த்தி, செவுளில் தண்ணீர் ஓட விட்டார். அது அவர் கையை உதறிக்கொண்டு போகும் வரை சுற்றிலும் கொம்பன் சுறா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டரை மணிக்குத் தூரத்தில் இடி. சொன்னபடி கிளம்பிவிட்டோம்.

அவர் இப்போது தொழிலை விட்டுவிட்டார்.

நண்பருக்கு நான் சொன்னது இது. முன்பணம் கட்டும் முன் கைடிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வெயில் இருந்து, தண்ணீர் மட்டும் 72க்குக் கீழே இருந்தால் தேதி மாற்றித் தருவீர்களா? மெசேஜிலேயே பதில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரே ஒரு நாளை நம்பி வர வேண்டாம், கையில் நான்கைந்து நாள் வைத்துக்கொண்டு, காற்று கிழக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பும் நாளைக் கைடையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போனில் மழைப் படம் பார்த்து நீங்களாக ரத்து செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு அரை நாள் போதும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் மார்ச் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் மிக நல்ல நாள் மார்ச்சில் கிடைத்தது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொடுத்தது மாதமும் இல்லை, விதியும் இல்லை, ஒரு மனிதரின் நேர்மை. அந்த நேர்மை ஒப்பந்தத்தில் எழுதப்படும் வரை 800 டாலரை மார்ச் வானத்தை நம்பிக் கொடுக்க நான் யாருக்கும் பரிந்துரை செய்யத் தயாரில்லை. இந்த வருடம் நானும் கட்டவில்லை. மே மாதம் பாலத்தடியில் படகுக்குப் படகு இடிக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், இருந்தாலும் தண்ணீர் எண்பதை ஒட்டி இருக்கும். மே கடைசியில் ஒரு கைடிடம் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன்.