"செக்டர் 20" என்றால் எந்த ஊர் செக்டர் 20 என்று கேளுங்கள்

திருகோணமலையில் இருந்து டெல்லி, சண்டிகர், அமிர்தசரஸ் என்று ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் முகவர் ஒருவரிடம் நாங்கள் மூன்று பேர் நன்றாக ஏமாந்தோம். பெயர் போடவில்லை. அடுத்த பயணத்துக்கும் ஆள் சேர்க்கிறாராம், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவின் மகன் கட்டடக்கலை படிக்கிறான். கட்டடக்கலைஞர் லு கொர்பூசியே திட்டமிட்ட சண்டிகர் நகரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். "ஹோட்டல் செக்டர் 20இல அண்ணை, நகரத்துக்கு நடுவில" என்றார் முகவர். செக்டர் என்றால் எண் போட்டுப் பிரித்த நகரப் பகுதி. வரைபடத்தில் பார்த்தோம். கடைத்தெரு இருக்கும் செக்டர் 17இல் இருந்து அதிக தூரமில்லை. சரி என்று முழுக் காசையும் கட்டினோம்.

இரவு இறக்கிவிட்ட இடமும் செக்டர் 20தான். ஆனால் பஞ்ச்குலாவின் செக்டர் 20! அது சண்டிகரை ஒட்டிய வேறு ஊர், ஹரியானா மாநிலம். இன்னொரு பக்கத்தில் மொஹாலி, அது பஞ்சாப். அங்கேயும் செக்டர்கள்தான், ஆனால் எண்கள் சண்டிகரின் தொடர்ச்சியாகப் போகும். பஞ்ச்குலாவிலோ மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கும். விடிந்த பிறகு பெயர்ப்பலகையில் அஞ்சல் எண் 134இல் தொடங்குவதைப் பார்த்துத்தான் மருமகனுக்கு விளங்கியது. சண்டிகர் என்றால் 160. நான்கு நாளும் ஓட்டோவுக்கே காசு போனது.

அடுத்தது கேப்பிட்டல் வளாகம். சட்டமன்றம், உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம் எல்லாம் இருக்கும் இடம், 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டவருக்கு "அனுமதிக் கட்டணம்" என்று ஆளுக்கு 2,000 இந்திய ரூபாய் வாங்கினார்கள். டிரைவர் எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக்கொண்டு தான் மட்டும் கவுன்டருக்குப் போனான். மருமகன் சும்மா நேரம் கேட்கப் பின்னால் போனதால் உண்மை வெளியே வந்தது: அங்கே ஒரு சதமும் வாங்குவதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்தால் அவர்களே வழிகாட்டியோடு கூட்டிப்போகிறார்கள்.

உள்ளே 26 மீட்டர் உயரத்தில் 'திறந்த கை' என்ற சிற்பம் நிற்கிறது. காற்றுக்குத் திரும்புமாம். அன்று அசையவே இல்லை. எங்கள் ஊர்க் கச்சான் காற்றில் கொண்டுவந்து நட்டால் தெரியும்.

நேக் சந்த் என்ற சாலைப் பரிசோதகர் உடைந்த வளையல், ஓடு, பீங்கான் எல்லாம் பொறுக்கி, ஆண்டுக்கணக்காக யாருக்கும் தெரியாமல் கட்டிய ராக் கார்டன் என்ற சிற்பத் தோட்டத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது 25 நிமிடம். வழியில் ஒரு சால்வைக் கடையில் ஒன்றரை மணி நேரம்! டிரைவருக்கு அங்கே தேநீர் வந்த வேகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்தது.

போகிறவர்கள் ஹோட்டலின் முழு முகவரியையும் அஞ்சல் எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுத்துவிட்டு வாகனத்தில் இருக்காதீர்கள்.

திரும்பி வந்து முகவரிடம் கேட்டேன். "செக்டர் 20 எண்டுதானே அண்ணை சொன்னனான்?" என்றார். அனுமதிக் காசைப் பற்றி டிரைவரிடம்தான் கேட்க வேண்டுமாம். அடுத்த பயணத்துக்கு வந்தால் பத்து வீதம் கழிவு தருவாராம்.